கடைசி மருந்தடிப்பு

மாலிஸுக்குப் பயமே கிடையாது என்று வட ஆஸ்திரேலியாவில் டார்வினை ஒட்டிய ஹம்ப்டி டூ ஊர்ப்பக்கத்து மாந்தோப்புக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். சுத்தப் பொய். தோப்புக்குள் மலைப்பாம்பு வந்தால் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வேலிக்கு வெளியே விடுவாள், அது உண்மைதான். டிராக்டர் சேற்றில் புதைந்தால் ஆம்பிளை வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டாள், அதுவும் உண்மை. ஆனால் போனில் மகன் பேர் வந்துவிட்டால் போதும், எடுக்கப் பயந்து அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். அந்த வருஷம் முழுக்க அப்படித்தான்.

மகன் ரித்தி மெல்போர்னில் இருக்கிறான். நல்ல பிள்ளை, குறை சொல்ல வாய் வராது. அப்பன் வுத்தி மாரடைப்பில் போன பிறகு தோப்பில் பாதி அவன் பேருக்கு வந்தது. வுத்தி இருந்தவரை அடிலெய்டில் ஒரு வியாபாரிக்கு நேராகவே பழம் அனுப்பிக்கொண்டிருந்தான். அவன் போன மறு வருஷம் மாலிஸ் அனுப்பினாள். மரத்தில் தங்கமாகத் தொங்கிய காய், லாரியில் ஏறி அடிலெய்டு போய்ச் சேருவதற்குள் கரும்புள்ளி நோய் வந்து திட்டுத்திட்டாகக் கறுத்துவிட்டது. வியாபாரி இரண்டு தடவை பொறுத்தான். மூன்றாவது தடவை லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

ரித்தி விமானம் பிடித்து வந்தான். தோப்பை ஒரு சுற்றுச் சுற்றினான். அம்மாவின் கையிலிருந்த காயத்தையும் பார்த்தான், கூரையில் ஒழுகுகிற இடத்தையும் பார்த்தான். கிளம்புகிற அன்றைக்குச் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்மா. பழம் கெடாம நின்னுச்சுன்னா நீ இங்கயே இரு, நான் வாயே தொறக்க மாட்டேன். நிக்கலைன்னா வித்துட்டு என்கூட வந்துடு."

அன்பாகத்தான் சொன்னான். திட்டிச் சொல்லியிருந்தால் மாலிஸ் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பாள். அவளுக்கு வாய்க்கா பஞ்சம்? அன்பாகச் சொன்னவனிடம் என்னத்தைச் சொல்ல? சரிடா என்று தலையாட்டிவிட்டு, அவன் கார் செம்மண் புழுதிக்குள் மறைகிறவரை வாசலில் நின்றாள்.

அவள் ஏன் போகமாட்டேன் என்கிறாள் என்று ரித்திக்குப் புரியாது. புரிய வேண்டுமென்றால் அவன் இன்னும் முன்னால் பிறந்திருக்க வேண்டும். கம்போடியாவில் பாட்டம்பாங் பக்கத்தில் மாலிஸ் பிறந்த வீட்டிலிருந்து, நாட்டைப் பிடித்த கறுப்புச் சட்டைப் படைக்காரர்கள் அவளைத் துப்பாக்கியைக் காட்டி எழுப்பினார்கள். ஒரு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவளை இன்னொரு வயலுக்கு ஓட்டினார்கள், அங்கிருந்து வேறொரு வயலுக்கு. அப்புறம் காட்டு வழியே தாய்லாந்து எல்லை முகாம். முகாமிலிருந்து டார்வின். டார்வினில் அரசாங்கம் கொடுத்த வீடு, அங்கிருந்து பிறத்தியார் தோப்பில் காய் பறிக்கிற கொட்டகை. வுத்தியும் அவளுமாக இந்தப் புதர்க்காட்டை வாங்கி, வெட்டித் திருத்தி, முதல் கன்றை வைத்த அன்றைக்கு அவள் சொன்னாள்: "இனிமே எவன் வந்து சொன்னாலும் நான் எந்திரிக்க மாட்டேன்." வுத்தி, "சரி, கன்னுக்குத் தண்ணிய ஊத்து" என்றான். அவன் பேச்சு எப்போதும் அவ்வளவுதான்.

ஆக, அந்த வருஷம் பழம் நின்றாக வேண்டும். நின்றால் மாலிஸ் இருப்பாள். இல்லையென்றால் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஹெங் அண்ணன் அவளைத் தன் ஷெட்டில் சேர்த்துக்கொண்டது அப்போதுதான். ஹெங்கும் எல்லை முகாமிலிருந்து வந்தவர். அவர் ஷெட்டில் சுற்றுவட்டாரத்துக் கம்போடியக்காரர்கள் எல்லாரும் தங்கள் காயைக் கொண்டுவந்து மோட்டாரில் ஓடுகிற ஒரே பட்டையில் கொட்டிக் கழுவி, தரம் பிரித்து, ஒரே பேர் போட்ட பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். முந்தின வருஷம் உன் பழம் ஏன் கெட்டது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களோடு சேர்த்துப் போடு தங்கச்சி என்றார், அவ்வளவுதான். மாலிஸ் வீட்டுக்கு வந்து வுத்தியின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி, கொஞ்சம் அழுதாள்.

அதற்கப்புறம் அவள் மருந்தடித்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விவசாயத் துறையிலிருந்து ஒரு பெண் வந்து எது எது எப்போது அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துப் போனாள். மாலிஸ் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பூ மலர்ந்ததும் கரும்புள்ளிக்குச் செம்பு மருந்து. காய் பட்டாணி அளவு திரண்டதும் கால்சியம், பிறகு விட்டு விட்டு மறுபடி கால்சியம். கால்சியம் ஏறினால் தோல் இறுகும், சதை சட்டென்று குழையாது, லாரியில் பாலைவனம் தாண்டிப் போனாலும் பழம் தாங்கும். வெயில் ஏறிவிட்டால் இலை கருகும் என்று விடிவதற்குள் எழுந்து டிராக்டரை எடுப்பாள். முகமூடிக்குள் வியர்வை வழிய, ஒவ்வொரு மரத்தையும் உள்பக்கம் வெளிப்பக்கம் என்று நனைத்துவிட்டுத்தான் நகருவாள்.

ஹெங்கின் பெண்டாட்டி குந்தியா இருக்கிறாளே, அவளுக்கு யாரையாவது சீண்டாவிட்டால் சோறு இறங்காது. ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"ஏண்டி, மாங்காய்க்குப் பண்ற மேக்கப்பை உன் மூஞ்சிக்குப் பண்ணியிருந்தா இந்நேரம் இன்னொரு கல்யாணமே ஆயிருக்குமே?"

"ஆயிருக்கும் அண்ணி. அப்புறம் அவனுக்கும் சேத்து மருந்தடிக்கணும். யாரால ஆகும்?"

இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வருஷத்தில் மாலிஸ் வயிறு குலுங்கச் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

காய் முற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மழை முந்திக்கொண்டது. அந்தப் பருவத்தில் புழுக்கம்தான் இருக்கும், மழை வராது. மேகம் கறுக்கும், இடிக்கும், ஆளைப் பைத்தியமாக்கிவிட்டுக் கலைந்து போகும். அந்த வருஷம் கலையவில்லை, கொட்டியது. விட்டு விட்டு நாலைந்து நாள் நல்ல மழை. காயெல்லாம் நனைந்தது நனைந்தபடி, காற்றில்லாமல், வேக்காட்டில் நின்றது. கரும்புள்ளிக்கு இதைவிட விருந்து வேண்டுமா? பறிப்புக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை அடித்தே தீரவேண்டும். கரும்புள்ளி மருந்தும் கால்சியமும் கையிருப்பில் இருந்தன. ஆனால் மருந்து வழுக்கி ஓடாமல் தோல்மேல் பரவி ஒட்டுவதற்கு ஒரு ஒட்டுமருந்து சேர்ப்பார்கள். அந்தக் கேனைச் சாய்த்தால் சொட்டுக்கூட வரவில்லை.

டவுன் கடையில் கேட்டாள். எல்லாத் தோப்பிலும் ஒரே சமயத்தில் அடிக்கிறார்கள், தீர்ந்துவிட்டது, அடுத்த லோடு தெற்கிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஹெங்கிடம் கேட்டாள். அவரும் அன்றைக்குக் காலையில்தான் கடைசிச் சொட்டை ஊற்றி அடித்திருந்தார். வானத்தைப் பார்த்தால் சாயங்காலத்துக்கு இன்னொரு மழை திரண்டுகொண்டிருந்தது. கொட்டகையில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள். மூலையில் நீலப் பீப்பாயில் மாங்காய் சோப்பு இருந்தது.

மாங்காய் சோப்பு இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு காய் பறிக்கமாட்டார்கள். காம்பு ஒடிந்தால் பால் பீய்ச்சும், பால் பட்ட தோல் வெந்து கறுக்கும். அதனால் காயைச் சோப்புத் தண்ணீரில் நனைத்தபடியேதான் காம்பை வெட்டுவார்கள். பறிப்புக் காலத்தில் மனுஷன் கையில், சட்டையில், சாப்பிடுகிற சோற்றில்கூட அந்த வாசம்தான். மாலிஸ் யோசித்துப் பார்த்தாள். ஒட்டுமருந்து என்ன செய்கிறது, தண்ணீரைப் பரவ விடுகிறது. சோப்பும் அதைத்தானே செய்கிறது? வருஷா வருஷம் இதில் குளித்துத்தானே காய் ஊருக்குப் போகிறது, ஒன்றுக்காவது ஒன்று ஆகியிருக்கிறதா? மாங்காயைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்யவேமாட்டான். பயந்துபோய் நாலு பேரைக் கேட்டிருப்பான். தெரிந்தவள், அதனால் கேட்கவில்லை. ஒரு குவளை மொண்டு டேங்கில் ஊற்றினாள்.

அன்றைக்குத் தோப்பு முழுக்க அடித்தாள். ரோட்டோரத்து இரண்டு வரிசை மிச்சம் இருக்கும்போது டேங்க் காலியாயிற்று, தூறலும் விழ ஆரம்பித்தது. அந்த இரண்டையும் விட்டுவிட்டாள். நல்லவேளையாகத் தூறல் வலுக்கவில்லை. மருந்து காய்ந்து தோலில் ஒட்டிக்கொண்டது. நல்லவேளை என்றுதான் அன்றைக்கு நினைத்தாள்.

அடுத்த சில நாள் காய் பளபளவென்று நின்றது. குந்தியா வந்து பார்த்துவிட்டுக் கண் வைக்காதே கண் வைக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். ரித்தி போன் பண்ணினான். மாலிஸ் முதல்முறையாகப் பயப்படாமல் எடுத்து, வந்து பாருடா உன் அப்பன் காலத்துல கூட இப்படிக் காய்க்கல என்றாள். அவனும் சந்தோஷப்பட்டான். வேண்டா வெறுப்பாக இல்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டான்.

அந்தச் சமயம்தான் பித்ருக்களுக்குச் சோறு வைக்கிற நாட்கள் வந்தன. இறந்தவர்கள் பசியோடு அலைவார்கள், ஏழு கோவில் தேடிப் பார்த்தும் தங்களுக்கென்று யாரும் சோறு வைக்கவில்லையென்றால் சபித்துவிட்டுப் போவார்கள் என்பது கம்போடியக்காரர்கள் நம்பிக்கை. டார்வின் புத்தர் கோவிலுக்கு எல்லாரும் தூக்குச்சட்டியோடு போவார்கள். வுத்திக்குப் பழுத்த மாம்பழம் என்றால் உயிர். மாலிஸ் நன்றாக முற்றிய காயாகக் கொஞ்சம் பறித்தாள். தோப்பு நடுவிலிருந்து சில, வீட்டுக்கு வருகிற வழியில் ரோட்டோர வரிசையிலிருந்து சில. அரிசிப் பானைக்குள் புதைத்து மூடினாள். அரிசிக்குள் பழுத்தால்தான் ருசி.

கோவிலுக்குப் போகிற அன்றைக்குக் காலையில் பானைக்குள் கையை விட்டாள். நெகிழ்ந்திருந்தது, வாசமும் வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பழம் முழுக்க அம்மை போட்டதுபோல் புள்ளி. மஞ்சள் தோலில் பொடிப்பொடியாய்க் கறுப்பு, விரல் வைக்க இடமில்லை. அடுத்ததை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். கரும்புள்ளி நோய் இப்படி வராது, அது திட்டாக வரும், குழியும். இது நோய் இல்லை. கடைசியில் அடியிலிருந்து நாலைந்து பழம் வந்தன. துளிப் புள்ளி இல்லை, குழந்தைக் கன்னம்போல் இருந்தன. அவை ரோட்டோர வரிசையில் பறித்தவை.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மாங்காய்த் தோலில் மூச்சுவிடுகிற துளைகள் உண்டு, அதன்மேல் மெல்லிய மெழுகு ஒன்று உண்டு. பறிக்கும்போது படுகிற சோப்பை ஷெட்டில் உடனே கழுவிவிடுகிறோம். மரத்தில் தொங்குகிற காயில் அடித்ததை யார் கழுவினார்கள்? வெயிலில் காய்ந்து, மெழுகைத் தின்று, ஒவ்வொரு துளைக்குள்ளும் இறங்கிவிட்டது. பச்சையாக இருக்கிறவரை காட்டாது. பழுக்கும்போதுதான் காட்டும். அதாவது லாரியில் ஏறிப் போன பிறகு, தெற்கே யாரோ பெட்டியைத் திறக்கிறபோது காட்டும்.

புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்தாள். ஈரத்துணியால் தேய்த்தாள். கத்தியை எடுத்து ஒன்றை அறுத்து வாயில் போட்டாள். தேனாக இருந்தது. கெட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அத்தனை இனிப்பையும் வாயில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அப்புறம் செய்ததெல்லாம் பைத்தியக்காரத்தனம்தான். டேங்கில் வெறும் தண்ணீரை நிரப்பி, தோப்பு முழுக்கக் குளிப்பாட்டினாள். மறுநாளும் குளிப்பாட்டினாள். மழையே வா என்று வேண்டிக்கொண்டாள், கொஞ்ச நாள் முன்னால் எந்த மழையைத் திட்டினாளோ அதையே. மறுபடி காய் பறித்து அரிசியில் போட்டுவிட்டு, பானையைத் திறந்து திறந்து பார்த்தாள். அவள் கை பட்டுப் பட்டு அரிசி ஈரமாகியே போயிற்று. மறுபடியும் அதே புள்ளி. விவசாயத் துறைப் பெண்ணுக்குப் போன் போட்டு, எனக்குத் தெரிந்த ஒருத்தர் இப்படிச் செய்துவிட்டாராம், ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டாள். அந்தப் பெண் பாவம், பொறுமையாகத்தான் சொன்னாள். உள்ளே இறங்கினதை எடுக்க முடியாது, ஜூஸ் போடுகிறவர்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், முக்கியமாக மற்றவர்கள் காயோடு கலக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றாள் மாலிஸ்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஹெங்கின் ஷெட்டில் யாருடைய காய் எது என்று அடையாளம் கிடையாது. மற்ற ஷெட்டுகளில் எல்லாப் பெட்டியிலும் தோப்புக்காரருக்கு ஒரு நம்பர் ஒட்டுவார்கள். பழம் கெட்டால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே. வாங்குகிறவர்கள் ஹெங்கையும் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை. முகாமில் எங்கள் எல்லாருக்கும் நம்பர்தான் இருந்தது, பேர் இல்லை, என் ஷெட்டில் யாருக்கும் நம்பர் கிடையாது, லாபமோ நஷ்டமோ எல்லாருக்கும் பங்கு என்று சொல்லிவிட்டார். வியாபாரம் தெரியாதவர் என்று டார்வினில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆக, கொண்டுபோய்க் கொட்டினால் மாலிஸின் காய் என்று யாருக்கும் தெரியாது. நாலு பெட்டியில் ஒரு பெட்டி புள்ளி விழும். மழை வருஷம் என்று சொல்லிக்கொள்வார்கள். நஷ்டம் எல்லார் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழும், யாரும் மூழ்கிப் போகமாட்டார்கள். ரித்தியிடம் பழம் நின்றது என்று சொல்லிவிடலாம். அவள் இங்கேயே இருக்கலாம். பாயில் படுத்துக்கொண்டு இதையே திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டாள். தப்பு என்று அவளுக்குத் தெரியாமலா? நன்றாகத் தெரியும். ஆனால் இன்னொரு தடவை மூட்டை கட்ட அவள் உடம்பில் தெம்பு இல்லை.

பறிப்பு நாளன்று கூலிக்குத் திமோர்த் தீவுக்காரப் பிள்ளைகள் வந்து காயைப் பறித்துத் தொட்டிகளில் நிரப்பினார்கள். என்ன அழகான காய் என்று ஒருத்தன் முத்தம்கூட வைத்தான். மாலிஸ் யார் முகத்தையும் பார்க்காமல் டிரெய்லரை ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள்.

ஷெட்டில் ஹெங்கின் காய் ஏற்கெனவே பட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்கள். கலந்தது. மாலிஸ் குந்தியாவுக்குப் பக்கத்தில் நின்று தரம் பிரிக்க ஆரம்பித்தாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குடி உன் காய் என்று குந்தியா அவளை இடித்தாள். மாலிஸ் பல்லைக் காட்டினாள்.

அடுத்து சம்னாங்கின் முறை. சம்னாங்கும் கம்போடியப் பையன்தான்; கல்யாணமாகி, நிலம் ஒன்றை வாங்கியிருந்தான், அதில் அவன் தானே வைத்த மரங்களுக்கு அந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. கொஞ்சம்தான் காய், ஒரு தொட்டிகூட நிரம்பவில்லை. பெண்டாட்டியைக் கூட்டி வந்திருந்தான். அவள் நிறைமாதம். தங்கள் காய் பட்டையில் ஏறுகிறதைப் பார்க்கத்தான் வந்தாள். அவன் தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கப் போனான். அந்தப் பெண் போனைப் பிடித்துக்கொண்டு, இருங்க இருங்க, படம் எடுத்துக்கறேன், நம்ம காய் எதுன்னு அப்புறம் தெரியாமப் போயிடும் என்றாள்.

மாலிஸ் கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அடித்தாள். பட்டை குலுங்கி நின்றது.

"என்னாச்சு தங்கச்சி, கை மாட்டிக்கிச்சா?" என்று ஹெங் ஓடி வந்தார்.

"மாட்டலண்ணே. அவன் காயைக் கொட்டச் சொல்லாதீங்க. என்னுது வீணாப்போன காய்."

குந்தியாவுக்குச் சிரிப்பு வந்தது. "கண்ணாடி மாதிரி இருக்கு, வீணாப்போன காயாம். புழுக்கம் தலைக்கு ஏறிடுச்சா உனக்கு?"

"பழுத்தா தெரியும் அண்ணி. சோப்பை ஊத்தி மருந்தடிச்சுட்டேன். மரத்துமேலயே."

அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே நின்ற அத்தனை பேரும் மாங்காய்க்காரர்கள். சம்னாங் தொட்டியை மெதுவாகக் கீழே இறக்கி, காலால் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினான்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்று கேட்டார் ஹெங்.

இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், நம்புகிற ஆள்தான்.

"போன வாரமே தெரியும்ணே. அரிசிப் பானையில போட்டுப் பாத்துட்டேன்."

"தெரிஞ்சே கொண்டாந்து கொட்டினியா?" குந்தியாவின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. "வா எங்களோட சேர்ந்துக்கோன்னு கூப்பிட்டவர் வாயில மண்ணைப் போடவா வந்த? நல்லவேளை வுத்தி செத்துட்டான். இருந்திருந்தா வெக்கத்துலயே செத்திருப்பான்."

மாலிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். ஹெங் பட்டையைக் குனிந்து பார்த்தார். பட்டையில் நின்றதில் அவர் காய் எது, அவள் காய் எது என்று பிரிக்க வழியில்லை. கலந்தது அத்தனையையும் ஜூஸ் தொட்டிக்குள் தள்ளச் சொன்னார். அவர் அன்றைக்குக் காலையில் பறித்த காய் முழுக்க அதில் போயிற்று. மாலிஸ் உதவிக்குக் குனிந்தபோது, "நீ வீட்டுக்குப் போ தங்கச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகவே சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் கை கழுவாமலே ரித்தியைக் கூப்பிட்டாள். தள்ளிப்போட்டால் பொய் வந்துவிடும் என்று பயந்தாள். சோப்பு, புள்ளி, ஷெட், பொத்தான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"ஏம்மா சொன்ன? யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா. நானும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன், நீ அங்கயே இருந்திருக்கலாம்."

"எல்லாம் தெரிஞ்சும் யாரும் வாயத் தொறக்காத ஊர்ல நான் இருந்திருக்கேன்டா. கறுப்புச் சட்டைக்காரங்க என் தம்பியக் கூட்டிட்டுப் போனப்ப எல்லாரும் நாத்துதான் நட்டுட்டிருந்தாங்க. நானும் நட்டுட்டிருந்தேன்."

இப்படி ஒரு மாமன் இருந்தான் என்பதே ரித்திக்கு அன்றைக்குத்தான் தெரியும். சரிம்மா, விட்டுடும்மா, நானே வந்து கூட்டிட்டு வரேன் என்றான். ரூம் ரெடியா இருக்கு, வீட்டுக்குப் பின்னாடி நல்ல இடம் இருக்கு, உனக்குப் புடிச்ச மரம் வெச்சுக்கலாம் என்றான்.

"அந்தக் குளிருக்கு மாமரம் வராதேடா."

"வராதும்மா" என்றான் அவன்.

அடுத்த வாரத்திலேயே நிலம் விற்றுத் தருகிறவன் வந்து வாசலில் விற்பனைக்கு என்று பலகை நட்டுவிட்டுப் போனான். ஜூஸ்காரர்கள் கொஞ்சம் காய் எடுத்துக்கொண்டார்கள், மிச்சம் மரத்திலேயே இருந்தது. மாலிஸ் ஏணியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மரமாகப் பறித்துக் கீழே போட்டாள். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. காலையில் ஆரம்பித்தால் கண் தெரிகிறவரை பறிப்பாள். மழை எப்போது வேண்டுமானாலும் இறங்கும்போல் வானம் கீழே வந்திருந்தது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ குந்தியா வந்தாள். ஷெட்டில் பேசியதற்கு அப்புறம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மரத்தடியில் குவிந்து கிடந்த காயைப் பார்த்தாள்.

"விக்கத்தானே போற. யாருக்காகடி இப்படி மாரடிக்கிற?"

"காய் தொங்கிட்டே இருந்தா மரம் இளைச்சுடும் அண்ணி. அடுத்த வருஷம் பூக்காது."

"அடுத்த வருஷம் நீயா இருக்கப் போற?"

மாலிஸ் இரண்டு காய் பறித்தாள். மூன்றாவது காய்க்குக் கை போகவில்லை. ஏணியின் மேல்படியைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்குப் போக வேணாம் அண்ணி," என்றாள். "எனக்குப் போகவே வேணாம்."

குந்தியா மரத்தின் மறுபக்கம் போய், எட்டாத கிளை ஒன்றை வளைத்து மாலிஸின் கைக்கு எட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். மாலிஸ் அழுதுகொண்டே அதிலிருந்த காயைப் பறித்தாள்.